காசிமேட்டு அக்கா போனும் 1909-ம்

தண்டையார்பேட்டையில் எனக்கு ரீசார்ஜ், டிஸ்ப்ளே மாற்றுகிற சின்னக் கடை. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற அக்கா ஒருத்தர் போனை மேசையில் போட்டார். "ஏலத்துல நிக்கசொல்லோ லோன் வேணுமா லோன் வேணுமான்னு கூப்டுனே கீறானுங்க தம்பி. பேஜாரா கீது."

தெரியாத நம்பர் எதுவும் மணியடிக்காதபடி செட்டிங் போடலாம். ஆனால் புதுசாக வஞ்சிரம் கேட்கிற ஓட்டல்காரரும் தெரியாத நம்பர்தானே? அதனால் வேறு வழிக்குப் போனோம்.

முதலில், START என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு 0 போட்டு, விளம்பரத் தொல்லையைத் தடுக்கிற நம்பரான 1909-க்கு மெசேஜ். விளம்பரம் மொத்தத்துக்கும் தடை. பேங்க் ஓடிபி வழக்கம்போல வரும். ஆனால் இது பதிவு செய்த விளம்பரக் கம்பெனிகளைத்தான் கட்டுப்படுத்தும். 140-ல் தொடங்குவது அவர்கள் நம்பர். சாதாரணப் பத்து இலக்க நம்பரில் கூப்பிடுகிறவன் இதற்கெல்லாம் அசைய மாட்டான். அவன் மேல் புகார்தான் கொடுக்க வேண்டும். என்ன அழைப்பு என்று இரண்டு வார்த்தை, கமா, வந்த நம்பர், கமா, தேதி. அதே 1909-க்கு அனுப்பலாம். அழைப்பு வந்த ஏழு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.

தொலைபேசிக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிராயின் டிஎன்டி ('தொந்தரவு செய்யாதே') ஆப்பிலும் புகார் கொடுக்கலாம். அங்கேதான் நான் கொஞ்சம் நிற்பேன். ஆப் போட்டதும் கால் லிஸ்ட், மெசேஜ், காண்டாக்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு 'அலவ்' தட்டாதீர்கள். அக்காவின் காண்டாக்ட்ஸைத் திறந்தால் போட் ஓனர், ஐஸ்காரர், வட்டிக்குக் கொடுத்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். அவர் பிழைப்பே அதில் இருக்கிறது. ஒரு லோன்காரனைப் பிடிக்க அத்தனை பேரையும் எதற்குக் காட்ட வேண்டும்?

இதே கேள்வியில்தான் ஆப்பிளும் டிராயும் இரண்டு வருஷத்துக்கு மேல் முட்டிக்கொண்டன. 2018-ல் ஐபோனுக்கான ஐஓஎஸ் 12 வந்தபோது வழி பிறந்தது: எந்த நம்பர் மேல் புகாரோ, அதை நாமே தேர்ந்தெடுத்து அனுப்புவது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், பர்மிஷன்ஸ் போய், தேவையில்லாததை மூடுங்கள். மூடினால் ஆப் வேலை செய்யாதென்றால் ஆப்பை எடுத்துவிடுங்கள். 1909 இருக்கவே இருக்கிறது. கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டும் தனியார் ஆப்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

போலீஸ், கஸ்டம்ஸ் என்று மிரட்டும் அழைப்பு வேறு ரகம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி வெப்சைட்டில் 'சக்ஷு' பகுதியில் சொல்லலாம், அதற்கு ஆப் வேண்டாம். சஞ்சார் சாத்தி ஆப்பைப் புது போன்களில் கம்பெனியே போட்டுத் தர வேண்டும் என்று 2025 கடைசியில் அரசு உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. பணமே போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

புகார் வரியைத் துண்டுச் சீட்டில் எழுதி அக்காவின் போன் பின்னால் ஒட்டிக் கொடுத்தேன். மீன் தண்ணியில் மூன்றே நாளில் ஊறிப் போச்சு. இப்போது அவர் மெசேஜில் டிராஃப்டாகக் கிடக்கிறது. நம்பரும் தேதியும் மாற்றினால் போதும்.