போர்ச்சுகலின் டோரு, அலென்டேஜு பகுதிகள்: நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி

டோருவின் பின்யாங் ஊரில், ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளைத் தாண்டி, ஊருக்குள் நடங்கள். வாசலில் பேப்பர் விரிப்பில் கையால் எழுதிய 'ப்ராத்து து தியா', அதாவது அன்றைய சாப்பாடு, இருக்கிறதா? ஒரு மணிக்கு வேலையாட்கள் உட்கார்ந்திருக்கிறார்களா? நுழையலாம். இரண்டரைக்குப் பிறகு போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். செப்டம்பர் திராட்சை அறுவடைக் காலத்தில் முன்பதிவு அவசியம்.

கேட்காமலே வரும் ரொட்டி, ஆலிவ், சீஸ் இலவசமல்ல. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள்; கேட்காததையும் தொடாததையும் பில்லில் சேர்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். 'மெயா டோஸ்', அரை அளவு, ஒருவருக்குத் தாராளம். முழு அளவு வாங்கித் திணறுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு.

என்ன சாப்பிடலாம்? டோருவில் வாட்டிய ஆட்டுக்குட்டி, லமேகு ஊரின் இறைச்சி பொதிந்த 'போலா' ரொட்டி. அலென்டேஜுவில் அசோர்டா: இடித்த பூண்டு, கொத்தமல்லி, உப்பு, ஆலிவ் எண்ணெய் மேல் கொதிநீர், அதில் பழைய ரொட்டித் துண்டுகள், மேலே நீரில் வேகவைத்த முட்டை. வந்ததும் சாப்பிடுங்கள், ஆறினால் ரொட்டி கூழாகிவிடும். ஒயினுக்கு 'வீன்யு த காஸா', அதாவது கடையின் சொந்த ஒயின், ஒரு ஜாடியே போதும்.