கணினி விவாதத்தில் மட்டம் தட்டினால் என்ன செய்வது

"அம்டால் விதிகூடத் தெரியாம பேச வந்துட்டீங்களா தம்பி?" என்று ஒருவர் எழுதினால் உடனே பதில் தட்டாதீர்கள். (வேலையைப் பிரித்துக் கொடுத்து நிரலை எவ்வளவு வேகப்படுத்தலாம் என்பதற்கு வரம்பு சொல்லும் விதி அது.) நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அண்ணா நகர் டீக்கடைவரை நடந்துவிட்டு வருவேன்.

அப்புறம், அந்தக் கிண்டலுக்குள் நிஜமான கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு மட்டும் எண்ணோடு பதில் சொல்லுங்கள். நிரலில் 95 சதவீதத்தைப் பிரித்து ஓட்டலாம் என்றால் 8 கோரில் (கோர் என்பது கணினிச் சில்லில் தனியாக வேலை செய்யும் பகுதி) சுமார் 5.9 மடங்கு வேகம்தான் கிடைக்கும். மீதி 5 சதவீதத்தைப் பிரிக்க முடியாததால் எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது. 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் வைத்த வாதம் இது. வேலையின் அளவும் கூடவே வளர்ந்தால் கணக்கு மாறும் என்று 1988இல் கணினி அறிஞர் ஜான் குஸ்டாஃப்சன் காட்டினார். பாதிச் சண்டை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருவது.

புதியவருக்குப் புரோட்டாக் கடையைச் சொல்லுங்கள். மாவு வீச நாலு மாஸ்டர் நின்றாலும் கல் ஒன்றுதானே!

தப்பு உங்களுடையது என்றால் "ஆமாம், கவனிக்கவில்லை" என்று ஒரே வரி போதும். கிண்டலை மட்டும் திருப்பிக் கொடுக்காதீர்கள். என்னிடம் படித்த மேலூர்ப் பெண் ஒருத்தி, யாரோ போட்ட ஒரு "ஹா ஹா"வுக்குப் பிறகு ஆறு மாதம் கேள்வியே கேட்கவில்லை.