பழைய படத்தில் போர்க்கால டிராலரின் பீரங்கியை அடையாளம் காண்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் ஹல், கிரிம்ஸ்பி, ஃப்ளீட்வுட் துறைமுகங்களில் மீன் பிடித்துக்கொண்டிருந்த நீராவி டிராலர்களை (வலையை இழுத்துச் செல்லும் மீன்பிடிக் கப்பல்களை) பிரிட்டிஷ் கடற்படை நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொண்டது. பீரங்கி பொருத்தி, ரோந்துக்கும் கண்ணிவெடி அகற்றவும் அனுப்பியது. இந்த ரோந்துப் படைக்கு லோஸ்டாஃப்ட்தான் தலைமையிடம். மாலுமிகளில் பெரும்பங்கு மீனவர்கள். அவர்கள் கப்பல்களின் படங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, ஆனால் கீழே 'ஆயுதம் தாங்கிய டிராலர்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். என்ன ஆயுதம் என்பதை நாமே கண்டுபிடிக்கலாம். பக்கவாட்டில் எடுத்த, ஓரளவு தெளிவான படம் ஒன்று போதும்.

படி 1: முதலில் கப்பலைப் பாருங்கள். அணியம் (கப்பலின் முன்முனை) உயர்ந்து, நடுப்பகுதி கடல் மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து, ஒல்லியான ஒற்றைப் புகைபோக்கி இருந்தால் அது டிராலர் வடிவம்.

படி 2: அணியத்தில் மேடை தேடுங்கள். முக்கிய பீரங்கி பெரும்பாலும் அங்கேதான், தளத்திலிருந்து உயர்த்திக் கட்டிய மேடையில் நிற்கும். அலை அடிக்கும் இடம் அது. நங்கூரச் சங்கிலியும் அங்கேயே கிடக்கும். இரண்டுக்கும் மேலே பீரங்கி சுழல வேண்டும். சுடும்போது பின்னோக்கி உதைக்கும் விசையை மீன்பிடிக் கப்பலின் தளம் தாங்காது என்பதால் மேடைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருப்பார்கள்.

படி 3: குழலை அளங்கள். இதில் அவசரப்படாதீர்கள். டிராலர்களில் அதிகம் காணப்படுபவை இரண்டு: 12 பவுண்டர் (குழல் துளை 76 மி.மீ., சுமார் 5.7 கிலோ குண்டு), 4 அங்குலம் (குழல் துளை 102 மி.மீ., சுமார் 14 கிலோ குண்டு). பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்கும் மாலுமி ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் உயரத்தை 1.7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒரு காகிதத் துண்டை வைத்து அவர் உயரத்தைக் குறித்து, அதே துண்டால் குழலை அளங்கள். இரண்டு ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 12 பவுண்டர், ஏறத்தாழ இரண்டரை ஆள் வந்தால் 4 அங்குலம். பீரங்கி கேமரா பக்கம் திரும்பியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. வேறு படம் தேடுங்கள்.

அப்புறம், 4 அங்குலப் பீரங்கியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 1940 ஜூனில் ஏடனுக்கு அருகே மூன்ஸ்டோன் என்ற டிராலர் கலிலியோ கலிலேய் என்ற இத்தாலிய நீர்மூழ்கியைத் தன் 4 அங்குலப் பீரங்கியால் தாக்கியது. குண்டுகள் நீர்மூழ்கியின் கோபுரத்தில் விழுந்து அதன் கேப்டன் இறந்தார். நீர்மூழ்கி சரணடைந்து முழுசாகப் பிடிபட்டது. 1941 அக்டோபரில் கேனரித் தீவுகள் பக்கம் லேடி ஷெர்லி என்ற டிராலர், ஆழ்குண்டு (நீருக்கடியில் வெடிக்கும் குண்டு) போட்டு யூ-111 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மேலே வரவைத்து, நேருக்கு நேர் சுட்டு மூழ்கடித்தது. எதிரியிடமும் பீரங்கி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

படி 4: மாலுமிப்பாலத்தின் (கப்பலைச் செலுத்தும் மேடையின்) இருபுறமும் பெரிதாக்கிப் பாருங்கள். துப்பாக்கியின் மேல் தட்டு மாதிரி ஒரு வட்டம் படுத்திருந்தால் அது லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி. குழலைச் சுற்றிய தடித்த உறையைச் சிலர் கழற்றிவிடுவார்கள், அதனால் உறையை வைத்து முடிவு செய்யாதீர்கள், தட்டுதான் அடையாளம். தூண் போன்ற தாங்கி, மேலே உருளை வடிவத் தோட்டாப் பெட்டி, பின்னால் வளைந்த இரண்டு தோள்பிடிகள் இருந்தால் 20 மி.மீ. ஓர்லிகான். இது 1942 வாக்கில்தான் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே ஓர்லிகான் தெரிந்தால் படம் போரின் பின்பாதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

படி 5: பின்பக்கம் பீப்பாய் வடிவ ஆழ்குண்டுகள் சரிவுச் சட்டத்தில் வரிசையாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீர்மூழ்கிகளைத் தாக்கவும் ஆயத்தமான கப்பல்.

சரி, இப்போது குறித்து வையுங்கள்: கப்பலின் பெயர், பீரங்கியின் அளவு, சிறு துப்பாக்கிகள், அளந்த விதம். 4 அங்குலத்திலேயே பல மாதிரிகள் உண்டு. அளவு தெரிந்து மாதிரி தெரியாவிட்டால் '4 அங்குலம்' என்று மட்டும் எழுதுங்கள். மாதிரியின் பெயரை ஊகித்துப் போட்டால் அடுத்தவர் அதையே நகலெடுத்துப் போடுவார்.