கேஸ் ப்ளோபேக் ஏர்சாஃப்ட் ரைஃபிள்: முதலில் அளவீடு, பிறகே மேம்பாடு

கேஸ் அழுத்தத்தால் சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுட்டு, நிஜத் துப்பாக்கியைப் போல உதைக்கும் விளையாட்டுத் துப்பாக்கியான கேஸ் ப்ளோபேக் ஏர்சாஃப்ட் ரைஃபிள் ஒன்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது வேகத்தைக் கூட்டும் உதிரிபாகங்களைத்தான். ஆனால் இவ்வகை ரைஃபிள்களில் குறி தவறுவதற்கு வேகக் குறைவு காரணமாக இருப்பது அரிது. ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு வேகத்தில் வெளியேறுவதே காரணம். ஆகவே எந்தப் பாகத்தை மாற்றுவது என்று முடிவெடுக்கும் முன், கையில் இருக்கும் ரைஃபிள் எப்படி இயங்குகிறது என்பதை முறையாக அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். டோக்கியோ மாருய் நிறுவனம் 2015இல் வெளியிட்ட எம்4ஏ1 எம்டபிள்யூஎஸ் ரைஃபிளையும், அது பயன்படுத்தப்படும் ஜப்பானியச் சூழலையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

ட்ரிகரை (விசையை) இழுத்ததும் ஹேமர் என்னும் சுத்தி விடுபட்டு, குண்டும் கேஸும் அடங்கிய மேகசினின் வால்வைத் தட்டுகிறது. வெளியேறும் கேஸ், மேகசினின் மேலுள்ள ரப்பர் பேக்கிங் வழியாக நாசில் என்னும் சிறு குழாய்க்குள் நுழைந்து முதலில் குண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. பிறகு நாசிலுக்குள் இருக்கும் சிறு வால்வு முன்வழியை மூடிவிட, மீதிக் கேஸ் போல்ட் என்னும் நகரும் பாகத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பின்னே சென்ற போல்ட் ஹேமரை மீண்டும் பூட்டிவிட்டுத் திரும்பும்போது அடுத்த குண்டைப் பேரலின் (குழலின்) பின்முனையிலுள்ள அறைக்குள் ஏற்றுகிறது. இந்தப் பாதையில் எங்கே கசிவு இருந்தாலும் குண்டின் வேகமும் போல்ட்டின் உதையும் சேர்ந்தே பாதிக்கப்படும்.

சோதனையைத் தொடங்கும் முன் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. மேகசினைக் கழற்றிய பிறகும் அறைக்குள் ஒரு குண்டு தங்கியிருக்கக்கூடும் என்பதால், குண்டில்லாத, ஆனால் கேஸ் உள்ள மேகசினைப் பொருத்தி ஆளற்ற திசையில் ஒருமுறை சுட்டு அதை வெளியேற்றி, மேகசினை மீண்டும் கழற்றிய பிறகே ரைஃபிளைப் பிரிக்க வேண்டும்.

முதல் சோதனை மேகசினுக்கு உரியது. மேகசினையும் கேஸ் கேனையும் தலைகீழாகப் பிடித்து நிரப்பினால் கேஸ் திரவமாக உள்ளே இறங்கும். நிரப்பிய மேகசினைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தால், வால்விலிருந்தோ அடிப்பகுதியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கிலிருந்தோ குமிழ் வருகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். பிறகு நன்றாக உலர்த்த வேண்டும். கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை மற்ற அளவீடுகள் எதற்கும் பொருளில்லை.

அடுத்தது வேகம். குண்டுக்குப் பின்சுழற்சி தரும் ஹாப்-அப் அமைப்பை முழுவதும் தளர்த்தி, 0.20 கிராம் குண்டுகளை நான்கைந்து நொடி இடைவெளியில் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் வழியாகப் பத்து முறை சுட்டு, ஒவ்வொரு எண்ணையும் அன்றைய வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியைவிட, மிக அதிக வேகத்துக்கும் மிகக் குறைந்த வேகத்துக்கும் இடையிலான வித்தியாசத்தையே நான் முதலில் பார்ப்பேன். அது நொடிக்கு இரண்டு மீட்டருக்குள் இருந்தால் ரைஃபிள் நல்ல நிலையில் உள்ளது. ஐந்தைத் தாண்டினால் பேக்கிங், நாசில், ஹாப்-அப் ரப்பர் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று சரியாகப் பொருந்தவில்லை என்றே கொள்ளலாம். பிறகு அதே மேகசினை இடைவெளியின்றிச் சுட்டு, வேகம் எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். திரவம் ஆவியாகும்போது மேகசினிலிருந்தே வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் அழுத்தம் குறைகிறது. டீக்கடையில் ஓயாமல் எரியும் அடுப்பின் சிலிண்டர் வேர்ப்பதும் இதனால்தான். கடைசிக் குண்டு வரை போல்ட் முழுதாகப் பின்சென்று, மேகசின் காலியானதும் பூட்டி நிற்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

வேகத்தை ஆற்றலாக மாற்றிப் பார்ப்பது இங்கே கட்டாயம். 0.20 கிராம் குண்டு நொடிக்கு 99 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 0.98 ஜூல். 2006இல் திருத்தப்பட்ட ஜப்பானியச் சட்டத்தின்படி 6 மி.மீ. குண்டுக்கு ஏறக்குறைய அதுதான் எல்லை. அதைத் தாண்டிய துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். கேஸ் ரைஃபிளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கனமான குண்டு பேரலுக்குள் சற்று அதிக நேரம் இருப்பதால் கேஸ் அதைக் கூடுதலாகத் தள்ளுகிறது, 0.20 கிராமில் எல்லைக்குள் இருந்த ரைஃபிள் 0.28 கிராமில் எல்லையை மீறலாம். ஆகவே உண்மையில் எந்த எடையைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதைக் கொண்டும், கோடைகால நண்பகலிலும் அளக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஹாப்-அப்பைச் சரிசெய்து 30 மீட்டர் தொலைவில் குறி பாருங்கள். குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறினால் வேக ஏற்றத்தாழ்வையும், இடமும் வலமுமாகச் சிதறினால் ஹாப்-அப் ரப்பர் கோணலாக அமர்ந்திருப்பதையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மேம்பாட்டில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது ஹாப்-அப் ரப்பரே. எம்டபிள்யூஎஸ் ரைஃபிளில் மாருயின் விஎஸ்ஆர்-10 என்னும் வேறொரு ரைஃபிளின் வகை ரப்பர் பொருந்துவதால் தேர்வுக்குப் பஞ்சமில்லை. குளிர்காலத்துக்கும் குறைந்த ஆற்றலுக்கும் 50 டிகிரி (இது ரப்பரின் கடினத்தன்மை அளவு) போன்ற மென்மையான ரப்பரும், வெப்பத்துக்கும் வலுவான கேஸுக்கும் 60 அல்லது 70 டிகிரி கடினமும் ஏற்றவை. பொருத்தும்போது ரப்பரின் உட்புறத்தில் எண்ணெய் துளியும் இருக்கக்கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் குண்டுக்குச் சீரான பின்சுழற்சியைத் தராது. ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கான் எண்ணெயை மட்டுமே இட வேண்டும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்யும்.

அதன்பின் பேரல். குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.95 மி.மீ. என்பதால் 6.03 அல்லது 6.05 மி.மீ. உள்விட்டம் போதுமானது, 6.01க்குப் போனால் சிறு தூசியும் தொல்லை தரும். இறுக்கமான பேரலும் நீளமான பேரலும் ஆற்றலைக் கூட்டும் என்பதால், ஜப்பானில் பழைய நீளத்தையே வைத்துக்கொள்வது நல்லது. பழைய பேரலை நன்றாகத் துடைத்தபின்னும் சிதறல் குறையவில்லை என்றால் மட்டும் புதியதை வாங்குங்கள்.

போல்ட்டை மாற்றுவதில் ஆசையைவிடக் கணக்கு முக்கியம். எஃகு போல்ட் தோளில் அருமையான உதையைத் தரும்; ஆனால் அது அதிகக் கேஸைக் குடிக்கும், மேகசினை விரைவில் குளிர வைக்கும், தான் வந்து மோதும் பாகங்களையும் தேய்க்கும். இலேசான அலுமினிய போல்ட் குளிரிலும் தடங்கலின்றி ஓடும். எஃகு ஹேமரும் எஃகு ட்ரிகர் பாகங்களும், ஜப்பானுக்கு வெளியே புரோப்பேன் கலந்த கிரீன் கேஸ் பயன்படுத்துவோருக்கே உண்மையில் தேவை. 20 டிகிரி செல்சியஸில் குறைந்த அழுத்த வகையான எச்எஃப்சி134ஏ கேஸின் அழுத்தம் ஏறக்குறைய 4.7 பார் என்றால், புரோப்பேனுக்கு அது 7 பாருக்கும் மேல். குறைந்த அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்ட வார்ப்புப் பாகங்கள் அந்த அடியை நெடுநாள் தாங்கா. புரோப்பேன் தீப்பற்றக்கூடியது என்பதால் நிரப்பும் இடத்தில் நெருப்பு இருக்கவே கூடாது. குளிர்ந்த மேகசினை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கலாம். ஹீட்டரிலோ வெந்நீரிலோ வைப்பது வெடிப்பை அழைப்பதாகும்.

எந்த மாற்றத்தையும் ஒவ்வொன்றாகவே செய்யுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதே குண்டு, அதே கேஸ், இயன்றவரை அதே வெப்பநிலை என்று அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு பாகங்களை ஒன்றாக மாற்றினால், சிதறல் குறைந்தாலும் கூடினாலும் அதற்குக் காரணம் எது என்பது தெரியாமல் போய்விடும். ரைஃபிளை எடுத்து வைக்கும்போது மேகசினில் சிறிதளவு கேஸை விட்டுவைத்தால் ஓ-ரிங்குகள் தம் இடத்தில் இறுக்கமாக அமர்ந்திருக்கும்.