நட்சத்திரக் கூட்டங்களைத் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆகஸ்ட் மாதம் இரவு எட்டு மணிக்கு ஓரியன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தைத் தேடியிருக்கிறேன். அரை மணி நேரத்தில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஓரியன் அப்போது அடிவானத்துக்குக் கீழே கிடந்தது. கையில் இருந்த வான வரைபடம் எந்த மாதத்துக்கு, எத்தனை மணிக்கு உரியது என்று அதன் ஓரத்திலேயே போட்டிருந்தது. அதை நான் படிக்கவில்லை.

நட்சத்திரங்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாகவே உதிக்கின்றன. மாதத்துக்கு 2 மணி நேரம். ஜனவரி கடைசியில் இரவு 9 மணிக்கு ஓரியன் நிற்கும் இடத்துக்கு, டிசம்பர் கடைசியில் அது வந்து சேர 11 மணி ஆகிவிடும். பிப்ரவரி கடைசியில் 7 மணிக்கே வந்துவிடும். இந்தக் கணக்கு பிடிபட்டால் பாதித் தடுமாற்றம் போய்விடும்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம் ராசி. சூரியன் விருச்சிகத்தில் இருக்கும் மாதத்தில்தான் அந்தத் தேள் நன்றாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் அந்தப் பக்கம் நிற்பதால், தேள் பகல் வெளிச்சத்தில் மறைந்துவிடும். அதைப் பார்க்க ஜூலை மாத முன்னிரவுதான் சரி.

வரைபடத்தில் கிழக்கு இடது பக்கம் இருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், திசைகள் பொருந்திவிடும்.

அப்புறம், அளவு. கையை முழுதாக நீட்டினால் மூடிய முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. அகப்பை வடிவில் உள்ள சப்தரிஷி மண்டலம் இரண்டரை முஷ்டி நீளம். குட்டி அகப்பை போலத் தெரியும் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டி 'இதுதானே சப்தரிஷி?' என்று கேட்பவர்கள் உண்டு. கட்டை விரலை நீட்டினாலே கார்த்திகை மறைந்துவிடும்! ஓரியனும் படத்தில் உள்ளதுபோல எப்போதும் நிமிர்ந்து நிற்பதில்லை. உதிக்கும்போது ஒருக்களித்தபடி வரும்.

வரைபடத்தில் இல்லாத பிரகாசமான புள்ளி ஒன்று சிம்மத்திலோ ரிஷபத்திலோ இருந்தால், அது அநேகமாகக் கிரகம். கிரகங்கள் ராசிப் பாதையை விட்டு அதிகம் விலகுவதில்லை, சப்தரிஷிக்குள் வரவே வராது. வியாழன் ஒரு ராசியில் ஏறக்குறைய ஒரு வருடம் தங்கும். கேட்டை நட்சத்திரத்தைச் செவ்வாய் என்று நினைப்பது பழைய தவறு. அதன் கிரேக்கப் பெயரான அன்டாரஸ் என்பதற்கே செவ்வாய்க்குப் போட்டி என்றுதான் பொருள்.

துருவ நட்சத்திரம்தான் வானத்திலேயே பிரகாசமானது என்பதும் தவறு. முதல் 40 இடங்களுக்குள்கூட அது வராது. அதைக் கண்டுபிடிக்க, சப்தரிஷி அகப்பையின் கிண்ணத்தில் வெளி விளிம்பில் உள்ள இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப்போல ஐந்து மடங்கு, அதே கோட்டில் தள்ளிப் பாருங்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் அது தெரியாது.

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. ஆனால் முதல் நாளே கும்மிருட்டான இடத்துக்குப் போவதும் தப்பு என்பேன். அங்கே ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே ஓரியனின் இடுப்புப் பட்டையாக வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரங்கள்கூடச் சட்டென்று பிடிபடாது. கொஞ்சம் நிலா வெளிச்சம் இருக்கும் இரவில், முக்கியமான நட்சத்திரங்கள் மட்டும்தான் மிஞ்சி நிற்கும்.