ஊர் மாறும் முன் கடற்கரையை ஆசைதீர அனுபவிக்க: வற்றும் நேரம் பார்ப்பது முதல் பெட்டி கட்டுவது வரை

வேலைக்கோ படிப்புக்கோ வெப்பமண்டலக் கடலோரம் தற்காலிகமாகக் குடியேறியவர்களுக்கு, கிளம்பும் தேதி முடிவான பிறகுதான் கடல் ஞாபகமே வரும். வீட்டைக் காலி செய்யும் வேலையும் அதே வாரங்களில்தான். நேரம் கிடைத்தால் போகலாம் என்று விட்டுவிட்டால், உச்சி வெயிலில், மணலே தெரியாமல் நீர் ஏறிக் கிடக்கும்போதுதான் போய் நிற்பீர்கள். அதனால் முதலில் நாள் குறியுங்கள்.

படி 1: நாள் குறிப்பது

பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு வற்றினால், ஒரு வாரம் கழித்து அதே 7 மணிக்கு ஏறக்குறைய முழு ஏற்றம் இருக்கும். இரண்டு வாரத்தில் பழையபடி 7 மணியை ஒட்டியே வற்றும்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில்தான் நீர் மிக அதிகமாக வற்றும். ஒரு கரையில் பௌர்ணமியின்போது எத்தனை மணிக்கு வற்றுகிறதோ, அமாவாசைக்கும் ஏறத்தாழ அதே மணிதான். ஒருமுறை பார்த்து வைத்தால் மிச்ச நாளெல்லாம் கணக்குப் போட்டுவிடலாம். பாறைக் குட்டைகள், நீண்ட மணல்திட்டு நடைக்கு இந்த நாட்கள். அஷ்டமியை ஒட்டி நீர்மட்டம் அதிகம் மாறாது. சிறு குழந்தைகளோடு போக அதுவே வசதி.

ஏற்றவற்ற அட்டவணையில் இரண்டு இடங்களில் ஏமாறுவோம். ஒன்று, நேரம் உள்ளூர் நேரம்தானா என்று பாருங்கள். இரண்டு, மணியை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் பாருங்கள். 0.2 மீட்டர் என்றால் நன்றாக வற்றும், 0.9 என்றால் பல கரைகளில் போய்ப் பயனில்லை. வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நீர் திரும்பியதும் கரைப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். தாய்லாந்து வளைகுடா போன்ற சில இடங்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான் வரும். அங்கே 50 நிமிடக் கணக்கை நம்பாமல் அட்டவணையை மட்டும் நம்புங்கள்.

படி 2: வெயிலும் நீரோட்டமும்

காலை 10 முதல் பிற்பகல் 3 வரை தவிர்த்துவிடுங்கள். வெயில் தடுப்புக் கிரீமை விட யு.பி.எஃப் 50 (துணி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு) முழுக்கைச் சட்டையே என் தேர்வு. நீரில் கரையாது, மறந்தும் போகாது. முகத்துக்கும் காலுக்கும் எஸ்.பி.எஃப் (கிரீம் வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்கு மேல், துத்தநாக ஆக்சைடு உள்ள கிரீம். உடம்பு முழுக்கப் பூசினால் ஒரு தடவைக்குச் சுமார் 35 மில்லி வேண்டும். பலரும் இதில் பாதிகூடப் பூசுவதில்லை.

இறங்குமுன் ஐந்து நிமிடம் கடலைப் பாருங்கள். இருபக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலை உடையாமல் கருத்து அமைதியாகத் தெரியும் இடம்தான் ரிப் கரண்ட், அதாவது ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம். இறங்கத் தோதான இடம் போலவே இருக்கும், இறங்காதீர்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட வேண்டாம். மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள்.

படி 3: சிப்பி, சங்கு

பவளத்துண்டு, ராட்சதச் சிப்பி, கரீபியன் ராணிச் சங்கு மூன்றும், காட்டுயிர்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. செத்த துண்டாக இருந்தாலும் விமான நிலையத்தில் சிக்கல் வரலாம். மணல் எடுப்பதற்கும் பல ஊர்களில் தடை உண்டு. சாதாரணச் சிப்பிகளில் நான்கைந்து போதும். எடுத்ததைக் கடல்நீர் உள்ள கிண்ணத்தில் சற்று நேரம் வையுங்கள். உள்ளே துறவி நண்டு இருந்தால் நகரும், திருப்பி விட்டுவிடுங்கள். கூம்பு வடிவச் சங்கைத் தொடவே வேண்டாம், உயிரோடிருந்தால் கொட்டும். விஷம் ஆளையே கொல்லும்.

சுத்தம் செய்ய நல்ல தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். வினிகர் ஊற்றினால் ஓடு கரையும். பிளீச்சோடு வினிகர் சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

படி 4: உப்பை எடுப்பது (இங்கேதான் அதிகம் கெடுகிறது)

பகல் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த துண்டை ராத்திரி தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். கடலுப்பில் உள்ள மெக்னீசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுப்பதுதான் காரணம். அதை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கப்பல் கன்டெய்னரில் இன்னும் மோசம்: ராத்திரி கூரைத் தகடு குளிர்ந்து, உள்ளிருக்கும் ஈரம் நீராகச் சொட்டும்.

ஆகவே கூடாரம், நீச்சல் முகமூடி, நீந்தக் காலில் மாட்டும் துடுப்புச் செருப்பு எல்லாவற்றுக்கும் கடைசி நாள், பெட்டி கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பாக இருக்கட்டும். குழாயடியில் காட்டினால் மட்டும் உப்பு போகாது. நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு அரைமணி. ஜிப்பைத் தண்ணீருக்குள்ளேயே நாலைந்து முறை திறந்து மூடுங்கள். உப்பு ஒளிந்திருப்பது அதன் பல்லில்தான். ரப்பர், சிலிகான் பொருட்களை நிழலில் காயப் போடுங்கள். காய்ந்த ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேயுங்கள்.

மறுநாள் ராத்திரி தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் மறுபடி ஊறட்டும். பிறகே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு பெட்டிக்குள்.

பின்சேர்க்கை: கடைசி நாளும் குளிக்க வேண்டும் என்பவர்கள், விட்டுவிட்டுப் போகப்போகும் பழைய துணியில் இறங்குங்கள். போன் கேமராவை உலர்துணியால் துடைக்காதீர்கள், ஒட்டியிருக்கும் மணல்துகள் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள்.