‘இரண்டு மாத வாடகை இலவசம்’: பேனரை நம்பிச் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் டெக்சாஸில் ஆஸ்டின், டாலஸ் பக்கம் வாடகைக்கு வீடு தேடினால், புது அபார்ட்மெண்ட் வாசலில் இப்படி ஒரு பேனரைக் கட்டாயம் பார்ப்பீர்கள். புதிதாகக் கட்டி முடித்த இடத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே சமயத்தில் நிரப்பியாக வேண்டும், அதனால் சலுகை பொய்யில்லை. அதை வாடகைக் குறைப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

விளம்பரத்தில் மாதம் 1,333 டாலர். லீஸில் கையெழுத்துப் போடப் போனால் 1,600. லீஸிங் ஆபீஸில் இருந்த பெண் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார்: பத்து மாதம் 1,600 கட்டுகிறீர்கள், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,333. கணக்கு சரிதான். முதல் இரண்டு மாதம் ஒன்றும் கட்டவில்லை, அந்தக் காசில் சோபா, டிவி எல்லாம் வந்தது. மூன்றாம் மாதம் முழு 1,600-ஐயும் கேட்டபோதுதான் உறைத்தது. சில இடங்களில் சலுகையை மாதாமாதம் பிரித்துக் கழிப்பார்கள். உங்களுக்கு எப்படி என்பதை முதலிலேயே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய அடி லீஸைப் புதுப்பிக்கும் ரென்யூவலில் விழுந்தது. அடுத்த வருடத்துக்கு 1,650 என்று கடிதம் வந்தது. அவர்கள் கணக்கில் ஏற்றம் 50 டாலர், என் கணக்கில் 317. லீஸில் எழுதிய வாடகை குறையாமல் இருப்பது உரிமையாளருக்கு முக்கியம். கட்டடத்தை விற்கும்போதும் அதன் மேல் கடன் வாங்கும்போதும் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். மாதம் 250 டாலர் குறைக்கச் சொன்னால் முடியாது என்பவர்கள் இரண்டு மாதத்தைச் சும்மா தருவது இதனால்தான். ஆகவே வீட்டை 1,333-க்குப் பார்க்காதீர்கள், 1,600 கொடுத்து அங்கே இருப்பீர்களா என்று பாருங்கள்.

எச்1பி விசாவில் இருக்கும் நம் ஆட்கள் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். லீஸோடு சலுகைக்கென்று தனியாக ஒரு தாள் இணைத்திருப்பார்கள். பாதியில் காலி செய்தால் தந்த சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். புராஜெக்ட் ஏழாம் மாதம் முடிந்து வேறு ஊருக்குப் போக நேர்ந்தால் அந்த இரண்டு மாத வாடகை 3,200 டாலரை நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டிவரும். டெக்சாஸில் பல இடங்களில் அதற்கு மேல் மறுவாடகைக் கட்டணம் (வேறு ஆளைக் குடிவைக்க ஆகும் செலவுக்காக) என்று ஒரு மாத வாடகையில் 85 சதவீதம் கேட்பார்கள், இங்கே அது 1,360. இரண்டும் சேர்ந்து 4,560. இதைக் கட்டிவிட்டாலும் மீதி மாத வாடகையிலிருந்து தானாக விடுதலை கிடைத்துவிடாது.

அப்புறம் சில்லறைச் செலவுகள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்திருப்பார்கள், இரவு குப்பையை அதில் வைத்தால் எடுத்துப் போவார்கள். நானே கொண்டுபோய்க் கொட்டுகிறேன் என்றாலும் விட மாட்டார்கள், மாதம் 30 டாலர். பூச்சி மருந்து, பார்க்கிங், தண்ணீர் பில் தயாரிக்கும் கட்டணம் என்று இது நீளும். கட்டாயக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீடு பார்த்த 24 மணி நேரத்துக்குள் கையெழுத்துப் போட்டால் விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி என்று அவசரப்படுத்துவார்கள். நியூயார்க்கில் அந்தக் கட்டணம் 20 டாலரைத் தாண்டக் கூடாது என்று 2019-இல் சட்டமே வந்துவிட்டது. டெக்சாஸில் அப்படி வரம்பு இல்லாததால் தள்ளுபடி பெரிதாகத் தெரியும். அதற்காக அந்தச் சலுகைத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

லீஸ் எந்த மாதம் முடிகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. கோடையில் முடிந்தால் ஊரே வீடு தேடும் நேரம், பேரம் பேச வழியில்லை. போன முறை நவம்பரில் 14 மாத லீஸ் போட்டேன், முடிவது ஜனவரியில். குளிரில் வீடு பார்க்க வருபவர்கள் குறைவு. ரென்யூவல் கடிதம் வந்ததும் எதிர்க் கட்டடத்து பேனரைப் படம் எடுத்து லீஸிங் ஆபீஸுக்கு அனுப்பினேன். 75 டாலர் குறைத்தார்கள்.